சக்கரம் வைத்த வீட்டுக்கு டவர் எங்கே?

ஐரோப்பாவில் கோடை வந்துவிட்டால் ஒரு கூட்டம் வீட்டைப் பூட்டிவிட்டு இன்னொரு வீட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மோட்டார் ஹோம் என்கிற அந்த வண்டிக்குள் கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உண்டு. நினைத்த ஊருக்குப் போகலாம், ஏரிக்கரையில் நிறுத்தித் தூங்கலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய சுகம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஸ்ரீரங்கத்தில் அக்கா இருந்திருக்க மாட்டார்.

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகன் வாடகைக்கு எடுத்த மோட்டார் ஹோமில் மனைவியோடு ஏறிய அந்தத் திருச்சிக்காரருக்கு இருந்தார். போதாக்குறைக்கு அவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜனங்கள் ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவர். சாதாரண கால், அதைவிடச் சீக்கிரம் கிடைக்கும் அர்ஜென்ட் கால், எட்டு மடங்குக் கட்டணத்தில் லைட்னிங் கால் என்று மூன்று வகை இருந்ததை இன்றைக்கும் கேட்காமலேயே விளக்குவார். லைன் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிற ஆள்.

முதல் சோதனை சிம் கார்டு. ஜெர்மனியில் 2017 ஜூலையிலிருந்து, ப்ரீபெய்டு சிம்மாக இருந்தாலும் வாங்குகிறவரின் அடையாளத்தைச் சரிபார்த்த பிறகுதான் அதற்கு உயிர் கொடுப்பார்கள். இதை வீடியோ காலிலேயே முடித்துவிடலாம். பாஸ்போர்ட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து, அதிலிருக்கும் மினுமினுப்பு முத்திரை தெரிகிற மாதிரி சாய்த்துக் காட்ட வேண்டும். “அப்பா, இன்னும் கொஞ்சம் சாய்ங்க” என்று மகன் மொழிபெயர்த்தான். பாஸ்போர்ட் அசையவில்லை. அப்பா சாய்ந்தார்.

சிம் வந்ததும், இனி ஐரோப்பா முழுவதும் ஒரே கட்டணம் என்று மகன் தைரியம் சொன்னான். பெரும்பாலும் உண்மைதான். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. அந்தச் சலுகையை 2032 வரை நீட்டித்தும் விட்டார்கள். நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் சேர்த்தி. ஆனாலும் சம்பந்தி வீட்டில் தங்குவதைப் போல இதற்கும் ஓர் அளவு உண்டு. நாலு மாதக் கணக்கில் பார்த்து, உள்ளூரில் இருந்ததைவிட வெளிநாட்டில் இருந்ததும் பேசியதும் அதிகம் என்று தெரிந்தால், கம்பெனி விளக்கம் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் கூடுதலாகக் கொஞ்சம் வசூலிக்கலாம். வருஷம் பூராவும் வண்டியிலேயே காலம் தள்ளுகிற ஓய்வூதியக்காரர்கள் இந்த விதியை நன்றாக அறிவார்கள்.

வண்டி கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து என்று மூன்று நாடுகள் கரை போட்டிருக்கும் ஏரி அது. அம்மா காபி போட அடுப்பைப் பற்ற வைத்தார். அப்பாவின் போன் கிணுகிணுத்தது. ஸ்விட்சர்லாந்துக்கு நல்வரவாம்!

“டேய் தம்பி, நாம இன்னும் ஜெர்மனியிலதானே இருக்கோம்?”

இருந்தார்கள். போன்தான் போய்விட்டது. போனுக்கு எல்லைக் கோடும் தெரியாது, சுங்கச் சாவடியும் தெரியாது. தன் சொந்த டவரின் சிக்னல் மங்கி அடுத்த நாட்டு டவர் பளிச்சென்று தெரிந்தால், அங்கே ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்கு மேலே மறைக்க எதுவும் இல்லாததால் எதிர்க்கரை சிக்னல் சுகமாக மிதந்து வரும். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஒரே கட்டண விதி அதைக் கட்டுப்படுத்தாது என்பதால், ஜெர்மன் மண்ணில் காபி குடித்துக்கொண்டே ஸ்விஸ் கட்டணம் கட்டுகிற பாக்கியம் பலருக்கு வாய்க்கிறது. நாமாக வேறு வரம்பு வைக்காவிட்டால், ரோமிங் டேட்டா செலவு வரி நீங்கலாக 50 யூரோவைத் தொட்டதும் கம்பெனி இணைப்பை நிறுத்த வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டம் சொல்வதால், தலை தப்புகிறது. ஜெர்மன் சிம் வைத்திருப்பவர் ஜெர்மனிக்குள் இருக்கும்வரை டேட்டா ரோமிங்கை அணைத்து வைத்தால் அந்த 50-ம் மிச்சம்.

எல்லைக் கோட்டின் குறும்பை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலிருக்கும் பூசிங்கன் போக வேண்டும். ஜெர்மனிக்குச் சொந்தமான சிற்றூர்; சுற்றிலும் ஸ்விட்சர்லாந்து. அந்த ஊருக்கு இரண்டு நாட்டு அஞ்சல் குறியீடுகளும் உண்டு, இரண்டு நாட்டுத் தொலைபேசிக் குறியீடுகளும் உண்டு. ஜெர்மனியின் 49 போட்டும் கூப்பிடலாம், ஸ்விட்சர்லாந்தின் 41 போட்டும் கூப்பிடலாம். இதைக் கேட்டதும் திருச்சிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஊருக்கு ஒரு லைன் கொடுக்கவே அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

எல்லைத் தொல்லை இப்படியென்றால் வண்டியின் தொல்லை வேறு. மோட்டார் ஹோமின் சுவர் பெரும்பாலும் அலுமினியத் தகடு, நடுவில் நுரைப் பலகை. வெளியே இருக்கும் மின்சாரத்தின் பாதிப்பு உலோகப் பெட்டிக்குள் எட்டாது என்று மைக்கேல் ஃபாரடே 1836-லேயே செய்து காட்டிவிட்டார். மின்காந்த அலையும் அப்படித்தான், உள்ளே நுழையத் தயங்கும். ஆகவே வெளியே நாலு கட்டை சிக்னல் காட்டும் போன், உள்ளே கட்டிலில் படுத்ததும் ஒரு கட்டைக்கு இறங்கிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கூரைமேல் ஆன்டெனா பொருத்தி, உள்ளே 12 வோல்ட்டில் ஓடும் ரவுட்டர் வைத்துக்கொள்கிறார்கள். வாடகை வண்டிக்காரர்களுக்கு ஜன்னல்தான் கதி. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக், அலையை மறிக்காது. ஒரு போனை ஜன்னலோரம் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால் மற்றவர்கள் உள்ளே சௌகரியமாக இருக்கலாம். வைத்த இடத்திலிருந்து அதை யாரும் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பா ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்து, கட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்தார்.

வண்டிகள் நிறுத்தித் தங்கும் முகாமில் அடுத்த வண்டி நெதர்லாந்துக்காரருடையது. அவரிடம் ஸ்டார்லிங்க் தட்டு இருந்தது. இப்படி ஊர் சுற்றும் வண்டிகளுக்கென்றே 2022-ல் அந்தக் கம்பெனி தனிச் சேவை தொடங்கியது. செயற்கைக்கோளோடு பேசுவதால் டவரே வேண்டாம். ஆனால் வானம் வேண்டும். முகாமிலோ நிழலுக்காக வளர்த்த மரங்கள். மனிதர் தட்டைக் கையில் ஏந்தி, நீளமான வயரை இழுத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் இடைவெளி தேடி நடந்தார். திருச்சிக்காரர் வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரியைப் பார்க்கவில்லை என்று அம்மா குறைப்பட்டது இதனால்தான்.

அன்று நள்ளிரவு இரண்டரைக்கு போன் அடித்தது. கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் காலை ஆறு.

“ஏன்டா, எத்தனை தடவை அடிக்கிறேன்? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லைக்கா. இங்க ராத்திரி ரெண்டரை.”

“ஐயையோ, தூங்கு தூங்கு. சாப்பிட்டியா?”

மறுநாள் பகலில் வீடியோவில் வருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் அக்கா வைத்தார். விடிந்ததும் முகாம் முழுக்க அலைந்து பார்த்ததில், நாலு கட்டையும் நிற்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது: கழிப்பறைத் தொட்டியைக் கொண்டுவந்து கொட்டும் இடம். மோட்டார் ஹோமின் கழிப்பறைக் கழிவு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் சேரும். கைப்பிடியும் சக்கரமும் வைத்த பெட்டி. நிறைந்ததும் வெளியே உருவி, உருட்டிக்கொண்டு வந்து கொட்டிவிட்டு, அலசி எடுத்துப் போக வேண்டும். அந்த இடத்தில் நின்றுகொண்டு திருச்சிக்காரர் ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டினார்.

“பின்னாடி எல்லாரும் சூட்கேஸ் உருட்டிக்கிட்டுப் போறாங்களே, ஏர்போர்ட்டாடா?”

அவர் மறுக்கவில்லை. மின்கட்டணத்துக்குக் கெடு அன்றுதான் என்று அக்கா நினைவூட்டியதால், அதையும் அங்கேயே நின்று கட்ட முயன்றார். இந்திய சிம் போனின் இன்னொரு துளையில் ரோமிங்கோடு உயிருடன்தான் இருந்தது. வங்கியின் ஓடிபி வந்தது. வந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. மறுபடி கேட்டதற்கு, பழையது இன்னொரு முறை வந்தது. பின்னால் நின்றவர்கள் பெட்டியோடு பொறுமையாகக் காத்திருந்தார்கள். கடைசியில் அக்காவே மின்வாரிய அலுவலகத்துக்கு நடந்து போய் பணம் கட்டி, ரசீதைப் படமெடுத்து அனுப்பிவிட்டார். அது உடனே வந்து சேர்ந்தது.

இப்படி ஒரு பயணம் போகிறவர்கள் புறப்படும் முன்பே பில்களைக் கட்டிவிடுங்கள். இந்திய சிம்மை ஓடிபிக்காக ரோமிங்கோடு வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு வேறு சிம் போடுங்கள். உறவுக்காரர்களிடம் மூன்றரை மணி நேரக் கணக்கை இரண்டு தடவை சொல்லுங்கள். 112 என்ற எண்ணை மறக்காதீர்கள். ஐரோப்பாவில் அவசர உதவிக்கு அதுதான். நம் ஊரிலும் அதுவேதான். உங்கள் கம்பெனியின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறெந்தக் கம்பெனியின் டவராவது எட்டினால் அந்த அழைப்பு போய்ச் சேரும். ஆனால் ஜெர்மனியில் போனுக்குள் உயிருள்ள சிம் ஒன்று இருந்தாக வேண்டும். 2009-லிருந்து அங்கே சிம் இல்லாத போனிலிருந்து 112 போகாது.