ஏணிக்கு 50,000 ரூபாய்

தரங்கம்பாடி என்றதும் டேனிஷ்காரன் கட்டிய கோட்டை, 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்க், அவருடைய அச்சுக்கூடம் என்று வரிசையாக ஆம்பளைக் கதையாகவே சொல்வோம். அதே ஊரில் பிறந்த கேத்தரின் வொர்லேயைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. இத்தனைக்கும் நெப்போலியனே மூக்கை நுழைத்து முடித்துவைத்த கல்யாணம் அவளுடையது!

பிரெஞ்சுக் குடும்பம். 1777-ல், பதினைந்து வயசு சுமாருக்கு, கிராண்ட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குடித்தனம் கல்கத்தாவில். அடுத்த வருஷம் டிசம்பரில் ஒரு ராத்திரி, புருஷன் வெளியே சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, மதில்மேல் மூங்கில் ஏணி சாத்தி ஒருத்தர் உள்ளே குதித்தார். திருடனா? சேச்சே! பிலிப் பிரான்சிஸ். கவர்னர் ஜெனரலின் கவுன்சில் மெம்பர், வாரன் ஹேஸ்டிங்ஸின் ஊழலைத் தோலுரிக்கவே பிறந்த உத்தமர்!

வேலைக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள். கிராண்ட் பதறியடித்து வந்து பார்த்தால், நாற்காலியில் கட்டிக் கிடப்பது வேற ஆள்! உத்தமரைக் காப்பாற்ற வந்து மாட்டிக்கொண்ட நண்பர். உத்தமர் எஸ்கேப்.

கோர்ட் விடவில்லை, 1779-ல் 50,000 ரூபாய் நஷ்டஈடு. பணம் புருஷனுக்கு. கெட்ட பேர்? அது மட்டும் பொண்ணுக்கு.

அப்புறம் பாரிஸ். 1783-ல் விஜே லெ ப்ரன் வரைந்த அவள் படம் இன்றைக்கும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. 1798-ல் உளவாளி என்று பிடித்துவைத்தார்கள். காப்பாற்ற ஓடிவந்த காதலர் யார் தெரியுமா? பிரான்சின் வெளியுறவு மந்திரி டாலிராண்ட். மேலிடத்துக்கு அவர் எழுதிய சிபாரிசின் சாரம்: இவள் இந்தியாக்காரி, அழகி, சுத்த சோம்பேறி, சதி செய்யவெல்லாம் இவளுக்குத் துப்பில்லை. காதலி அப்படியே உருகியிருப்பாள், பாவம்!

டாலிராண்ட் முன்னாள் பிஷப் வேறு. அங்கியைக் கழற்றிக்கொள், கல்யாணம் கூடாது என்றார் போப். கல்யாணம் பண்ணு, இல்லையென்றால் அவளை வீட்டைவிட்டு அனுப்பு என்றார் நெப்போலியன். போப் ரோமில் இருந்தார், நெப்போலியன் பக்கத்துத் தெருவில். 1802-ல் டும்டும்டும்.

பழைய புருஷன்? அவருக்கு ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உத்தியோகம் பார்த்துக் கொடுத்தாயிற்று. டிரான்ஸ்பர் என்றால் இதுதான் டிரான்ஸ்பர்.

1806-ல் டாலிராண்ட் இளவரசர் ஆக, தரங்கம்பாடிப் பொண்ணும் இளவரசி. ஆனால் 1814-ல் ஐரோப்பாவையே பங்குபோட வியன்னா கிளம்பிய மனுஷன், விருந்துகளை நடத்த அழைத்துப்போனது தம்பி மகனின் பெண்டாட்டியை!