தாசேக் கெலுகோரிலிருந்து பனிச்சறுக்கு: தம்பதியர் பயணம் குறித்த ஒரு திணை ஆய்வு

பனிச்சறுக்கு மலையில் நடப்பது என்றே இதுவரை எல்லாரும் கருதிவிட்டார்கள். அதன் பெரும்பகுதி மலேசியாவின் தாசேக் கெலுகோரில், இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு காயும் நேரத்தில், மேசையில் நடப்பது என்பதே இக்கட்டுரையின் துணிபு. வெளிநாட்டில் நடப்பது நாலு நாள் லீவுக்குள் அடங்கும் சில்லறை விவகாரம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரு தம்பதியை. வீட்டைச் சுற்றிச் செம்பனை. பகல் வெயில் முப்பது டிகிரியைச் சுற்றியே நிற்கும். இந்த நிலத்தார்க்கும் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாகக் கலந்துகொண்டது. ஜெஃப்ரி வெப் மலைச்சரிவில் சறுக்கினார். ஜூலியன் யீ பனித்தளத்தில் ஆடினார். நம் தம்பதியைத் தூண்டியது இது அல்ல, ஒரு கொரிய நாடகம். அதை ஆய்வாளர் மறைக்கக் கூடாது.

இனி திணை. மலை என்பதால் இது குறிஞ்சி. குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் தந்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; உரிப்பொருள் புணர்தல். ஆகவே கணவர் மார்கழியில் போக நினைத்தது இலக்கணப்படி சரி. விமான டிக்கெட்டுக்கு இலக்கணம் தெரியவில்லை. டிசம்பர் விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். தை பிறந்தால் பொங்கல். அடுத்து தைப்பூசம், தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் வேறு. பின்னாலேயே சீனப் புத்தாண்டு வந்து டிக்கெட்டை மறுபடி ஏற்றும். மிஞ்சியது மாசி. மாசியோ பின்பனி, பின்பனி பாலைக்கும் உரியது, பாலையின் உரிப்பொருள் பிரிதல். இந்த ஆபத்தை இருவரும் கவனிக்கவில்லை.

இடத் தேர்வில் தகராறு இல்லை. ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் காலா யுசாவா. சைபீரியக் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து அங்குள்ள மலைகளில் முட்டிக் கொட்டுவதால் மாசியிலும் பனிக்குப் பஞ்சமில்லை. தோக்கியோவில் ஷிங்கான்சென் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சறுக்குத்திடலின் வாசலிலேயே இறக்கிவிடும். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். வீட்டிலிருந்து பினாங்குப் பாலம் தாண்டி பாயான் லெப்பாஸ் போவதற்குத்தான் அதிக விவாதம். காடியை விமான நிலையத்தில் விட்டால் பார்க்கிங் காசு. மச்சானைக் கொண்டுவிடச் சொன்னால் அவருக்கு ஜப்பானிலிருந்து ஏதாவது வாங்கி வர வேண்டும்.

உடைக்கு பண்டல் கடை. ஜப்பானியர் உடுத்திக் கழித்த குளிராடைகள் மூட்டையாக இங்கே வந்து இறங்குகின்றன; அதில் ஒன்றை வாங்கி, துவைத்து, மறுபடி ஜப்பானுக்கே உடுத்திப் போவது பொருளியலில் தனி அத்தியாயம். கணவர் வாங்கிய கோட்டின் பையில் யாரோ மடித்து வைத்த ரசீது ஒன்று கிடந்தது. மாமியார் பெட்டியில் கோடாலித் தைலமும் சம்பல் டப்பாவும் வைத்தார். மறுப்பதற்கு வழியில்லை.

இப்போது ஆய்வின் நடுமையம்: சறுக்குக்கட்டை வாடகைப் படிவம். சறுக்குக்கட்டையைக் காலணியோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், வயது, திறமை, காலணி நீளம் ஆகியவற்றை வைத்து முடிவு செய்கிறார்கள். எடையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் முறுக்கும். குறைத்துச் சொன்னால் தேவையில்லாத இடத்தில் கழன்று உருள வைக்கும். மணவாழ்வில் உண்மையை இவ்வளவு கறாராகக் கேட்கும் படிவம் வேறு இருப்பதாக ஆய்வாளர் அறியார்.

"ஏங்க, நீங்க அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

"பன்னெண்டு வருசமா ஒரே வீட்டுலதான்லா இருக்கோம்."

"அதுக்காக?"

பாலையின் பிரிவு இங்கேயே தொடங்கிவிட்டது. ஒருவர் ஹாலில், ஒருவர் அடுப்படியில், தனித்தனிப் போனில் படிவம் நிரம்பியது. திறமை என்ற கட்டத்தில் மனைவி 'புதியவர்' என்று குறித்தார். ஜென்டிங் பனியரங்கில் ஒருமுறை ரப்பர் மிதவையில் சறுக்கிய தகுதியில் கணவர் 'நடுத்தரம்' என்று குறித்தார். ஆக, பயிற்சி வகுப்பும் சரிவும் வேறு வேறு என்றாகிவிட்டது. எடைக் கட்டத்தில் அவர் 78 என்று போட்டார். அடுப்படியிலிருந்து, "எண்பத்திரண்டு!" என்று குரல் வந்தது. திருத்தினார்.