பாண்டியன் கூனும் மாப்ளே பெல்ட்டும்

ஐயய்ய, மாமனைப் பாத்ததும் அப்படியே எகிறி உக்காராதே மாப்ளே! ஒருக்களிச்சுப் படு. தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்பணும், பனங்கட்டை உருள்ற மாதிரி. இப்போ காலைத் தொங்கவிட்டு, கையை ஊனி எழுந்திரு. மரியாதையெல்லாம் முதுகு கூடினப்புறம் குடு.

டேங்க் கழுவறேன்னு மொட்டை மாடிக்கு ஏறினவரு, ஏணிக்கு முந்தித் தரைக்கு வந்துட்டாராமே. குந்தின வாக்குல விழுந்தே, உடைஞ்சது முதுகு. விலாவோட கட்டின முதுகெலும்பு ஆடாது, இடுப்புப் பக்கத்து எலும்பு ஆடும். ரெண்டும் சேர்ற எடத்துலதான் இடி மொத்தமும் எறங்கும். ரிப்போர்ட்டுல 'எல் 1'னு போட்டிருக்கே, அதான். உங்கம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல நீ மாட்டிக்கிட்டு முழிக்கிற எடம்னு வெச்சுக்கோ.

ஆபரேஷன் வேணாம், பெல்ட் போட்டு மூணு மாசம் இருன்னு டாக்டர் சொன்னதும் மூஞ்சி ஏன் தொங்கிப்போச்சு? லட்சத்துல பில் வந்தாத்தான் வைத்தியமா? பிசியோதெரபி படிக்கிற என் பேத்தி சொன்னா: அமெரிக்காவுல உன்னைப் போல நரம்பு தப்பிச்ச 47 பேரைப் பிரிச்சு, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு வெறும் கட்டு. 2003ல கணக்குப் பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. பதினாறு வருசம், இருபது வருசம் கழிச்சுப் போய்ப் பாத்தா, அறுக்காதவங்களுக்குத்தான் வலி கம்மி. நம்ம கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரி ராஜசேகரன் டாக்டரும் இந்த அறுக்காத வைத்தியத்தைப் பத்தியே 2010ல கட்டுரை எழுதியிருக்காராம். தண்டுவடம் போற குழாய்க்குள்ள துருத்தின எலும்புத் துண்டைக்கூட ஒடம்பே மெல்லக் கரைச்சுக்குமாம்.

நீயோ எக்ஸ்ரேவை ஜன்னல்ல தூக்கிப் பிடிச்சு, "கோணலா இருக்கே மாமா"ன்னு அழுவுறே. இருக்கும்பா! நசுங்கின எலும்பு பழைய உசரத்துக்கு வராது, லேசா வளைஞ்சே கூடும். அந்த வளைவுக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கெடையாது. ஆனா அது வளந்துகிட்டே போவுதான்னு பாக்கணும். அதுக்கு நின்னுகிட்டு படம் எடுக்கணும். படுத்தா எல்லாரும் யோக்கியனாத்தான் தெரிவான்.

சேக்கிழார் நம்ம குன்றத்தூர்க்காரர்தானே? அவர் பாடின பெரியபுராணத்துல சம்பந்தர் பதிகம் பாட, கூன் பாண்டியன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறன் ஆயிட்டான். உனக்குப் பாட ஆளில்ல, பெல்ட்டுதான். அது எலும்பை ஒட்டற பசையில்ல, செல்போனைப் பொறுக்கக் குனியாம உன்னை மிரட்டற வாத்தியார். மாட்டிக்கிட்டு தினம் நட. படுத்தே கெடந்தா நல்ல எலும்பும் சொத்தையாயிடும். தலகாணிக்கடியில பீடி வெச்சிருக்கியே, அது எலும்பைக் கூடவிடாது. கொண்டா இப்படி.

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல. கால் மரத்தாலோ தொவண்டாலோ, மூத்திரம் வராம கட்டினாலோ, தெரியாமப் போனாலோ, ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.

உன் மச்சான் புத்தூர்ல நாட்டு எலும்புக் கட்டுப் போட வேன் பேசினானாம். திருத்தணி தாண்டறதுக்குள்ள ரோட்டுப் பள்ளம் இன்னொரு எலும்பையும் கேக்கும்னு சொல்லித் தொரத்திட்டேன். முதுகு நீவறேன்னு எண்ணெயோட வந்த கெழவிக்கும் அதே மரியாதைதான்.

அப்புறம், எலும்புக்கு நல்லதுன்னு அக்கா உனக்கு ஆட்டுக்கால் சூப்பு வெச்சிருந்தா. நீ தூங்கிட்டிருந்தே. ஆறிப்போவுதேன்னு...