ஆஃப் ஃபிரைட் ரைஸ்: புலப்படும் விலையும் புலப்படாச் செலவும் – ஓர் ஆய்வு

1. ஆய்வு எல்லை

மாலை ஆறு மணிக்குமேல், தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு தெருமுனையில், இரும்புச் சட்டியும் கரண்டியும் மோதும் ஓசை காதில் விழும் தொலைவுவரை இவ்வாய்வின் எல்லை விரிகிறது. காற்று எதிர்த்திசையில் வீசும் நாள்களில் எல்லை சுருங்கும்.

2. முன்னாய்வுகள்

இல்லை. இருந்தாலும் இல்லை என்று எழுதுவதே மரபு.

3. விருப்பம்சார் பாகுபாடு

நுகர்வோர் நால்வகையினர்: ரைஸ் பிரிவினர், நூடுல்ஸ் பிரிவினர், இரண்டையும் கலந்து 'மிக்ஸ்டு' கேட்கும் சமரசவாதிகள், "நீயே ஏதாவது சொல்லு" என்று கூறிவிட்டுச் சொன்னது எதையும் ஏற்காதோர். நான்காம் வகையினரைப் பற்றித் தனி நூலே எழுதலாம். எழுதினாலும் அவர்களுக்குப் பிடிக்காது.

துணை உணவுகளில் கோபி மஞ்சூரியன் குறிப்பிடத்தக்கது. 1970களின் நடுவில் மும்பையில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கினார் என்பர். கோழியின் இடத்தில் பின்னர் காலிஃப்ளவர் வந்து அமர்ந்தது. இதில் மஞ்சூரியாவின் பங்களிப்பு ஏதும் இல்லை. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகளைத் தடைசெய்தது. அதன்பின் சிவப்பாக இல்லாத கோபியைப் பார்த்து "இது நேத்து செஞ்சதாண்ணே?" என்று கேட்கும் வாடிக்கையாளர் மனநிலை உளவியல் துறைக்கு உரியது. நாம் கடந்து செல்வோம்.

4. வரியியல்

இப்பகுதியில் நமக்கு வேலை இல்லை. நம்மைவிடத் தேர்ந்தவர்கள் முன்பே முடித்துவிட்டனர். பொட்டலத்தில் விற்கும் பரோட்டா ரொட்டி ஆகுமா என்ற வினாவை 2020இல் கர்நாடக முன்தீர்ப்பு ஆணையம் எடுத்துக்கொண்டது. சூடாக்கினால்தான் உண்ண முடியும் என்பதால் அது ரொட்டி ஆகாது எனக் கண்டு, ரொட்டிக்கு 5 விழுக்காடும் பரோட்டாவுக்கு 18 விழுக்காடும் எனப் பிரித்தது. 2024இல் கேரள உயர் நீதிமன்றம் 5 விழுக்காடே போதும் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்குமே வரி இல்லை என்றாகிவிட்டது. பரோட்டா இத்தனை ஆண்டும் பரோட்டாவாகவே இருந்தது. பொருளின் சாரம் பற்றி இவ்வளவு நுட்பமான விவாதம் நம் தத்துவத் துறைகளில் அண்மையில் நடந்ததாகத் தெரியவில்லை.

5. அரைமைக் கோட்பாடு

ஃபுல் சிக்கன் ரைஸ் 120 ரூபாய், ஆஃப் 70 ரூபாய் என்க (கடைப்பலகை, வலப்புறம், மூன்றாம் வரி). எனின் இரண்டு ஆஃப் 140 ரூபாய். இரண்டு அரைகள் சேர்ந்தால் ஒன்றைவிடக் கூடுதல் என்பது இதனால் பெறப்படும். கணிதத் துறையினர் இதை மறுக்கலாம். அவர்கள் கல்லாவில் வந்து மறுக்கட்டும். மிகையான 20 ரூபாயைப் 'பிரிவினைச் செலவு' என்று குறிப்போம்.

அளவைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் சிக்கலானது. ஃபுல்லுக்கும் ஆஃபுக்கும் கையாளப்படுவது ஒரே கிண்ணம். ஃபுல்லில் சோற்றை அமுக்கிக் கவிழ்க்கிறார்கள், ஆஃபில் அமுக்காமல் கவிழ்க்கிறார்கள் (களப்பார்வை, பார்வையாளர் அப்போது பசியோடு இருந்தார்). ஆகவே அரைக்கும் முழுமைக்கும் இடையிலான வேறுபாடு சோற்றில் இல்லை, மாஸ்டரின் உள்ளங்கையில் உள்ளது. இதுபற்றி அவரிடமே கேட்டபோது "பார்சலா, இங்கயா?" என்றார் (நேரடிச் செவ்வி, அடுப்பிரைச்சலால் பெரும்பகுதி கேட்கவில்லை, கேட்காத பகுதி ஊகித்து நிரப்பப்பட்டது, ஊகித்தவர் கல்லாவில் இருப்பவரின் மச்சான், அவரும் ஒரு கையில் முட்டை உடைத்துக்கொண்டிருந்ததால் தலையசைப்பின் திசை உறுதியாகவில்லை).

சிக்கனக்காரர் சிலர் "ஒரு ஃபுல், ரெண்டு பிளேட்ல" என்று கேட்டுப் பிரிவினைச் செலவைத் தவிர்க்க முயல்வர். 20 ரூபாய் மிஞ்சும். மாஸ்டரின் ஒரு பார்வை கிடைக்கும். அந்தப் பார்வைக்கு ஈடுகட்ட அவர்களே ஓர் ஆம்லெட் சொல்லிவிடுவர். ஆம்லெட் 20 ரூபாய்.

எனினும் செலவுகளிலெல்லாம் தலையாயது 'ஒரு வாய்' ஆகும். "எனக்குப் பசிக்கலடா, நீ சாப்பிடு, நான் ஒரு வாய் எடுத்துக்கிறேன்" என்று உடன்வருபவர் எடுப்பது எந்தப் பலகையிலும் விலை குறிக்கப்படாத பண்டம். இவர் சோற்றைத் தொடுவதில்லை. அகழாய்வுக் குழியில் இறங்கியவரைப்போல் ஒவ்வொரு அடுக்காக விலக்கி, கோழித்துண்டுகளை மட்டும் சேதமின்றி வெளியே எடுக்கிறார். ஆஃப் ரைஸில் துண்டுகள் ஐந்தோ ஆறோ. 'வாய்' மூன்று முறை நிகழ்ந்தால் தட்டில் எஞ்சுவது சைவம். ஆஃப் சிக்கன் ரைஸுக்குப் பணம் கட்டியவர் இவ்வாறு வெஜ் ரைஸ் உண்கிறார் (எண்ணெய் ஊறிய டோக்கன் சீட்டு, பின்பக்கம், ஊறல் முன்பக்கத்தையும் எட்டியதால் முன்பக்கம், அதே சீட்டின் கிழிந்த மறுபாதி உடன்வந்தவரின் சட்டைப்பையில் உள்ளது, அவர் தர மறுக்கிறார், சட்டை துவைக்கப்பட்டுவிட்டது). பசியில்லாத ஒருவரோடு கடைக்குப் போவதைவிடப் பசியுள்ள இருவரோடு போவது மலிவு என்பதே இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு.

6. உடல்நலக் கூறு

பொரிக்கும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது 2018 முதல் நடப்பிலுள்ள விதி. அதை அளக்கும் கருவி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் உண்டு. சட்டியருகே நிற்பவரிடம் இருப்பது மூக்கு. அதுவோ வெந்துகொண்டிருக்கும் பூண்டின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மயோனைஸ்: பச்சை முட்டையில் செய்ததற்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது, தடைச்செய்தியை வாசித்த பிறகே அதை இவ்வளவு நாள் எதில் செய்தார்கள் என்று பலருக்கும் தெரிந்தது.

7. கல்விப்புலப் பொருத்தம்

மறைமுக உணவுச்செலவு தெருமுனைக்கு மட்டும் உரியதன்று. முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வன்று, ஐந்தாண்டு உழைத்த ஆய்வாளர் தம் செலவில் நெறியாளருக்கும் புறத்தேர்வாளருக்கும் துறையினர் அனைவருக்கும் விருந்தளிக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. உதவித்தொகைக் கணக்கில் இதற்குத் தலைப்பு கிடையாது. ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் தாண்டாத தேர்வாளர்களும் இலையில் கடைசிவரை செல்கின்றனர். இங்கே ஆஃப் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்குப் பார்சலும் உண்டு.