ஏர்போர்ட் மாமா

திருச்சிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள ஊர்களில் தெருவுக்கு ஒரு ஏர்போர்ட் மாமா இருப்பார். புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ ஒரு பிள்ளை இல்லாத வீடு குறைவு. அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் விடவும், திரும்பும்போது கூட்டிக்கொண்டு வரவும் விவரம் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மாமா. வெள்ளை வேட்டி, முழங்கைக்கு மடித்துவிட்ட சட்டை, பையில் ஒரு மார்க்கர் பேனா. திருச்சி விமான நிலையத்தில் அவருக்குத் தெரியாத மூலை கிடையாது. விமானத்தில் மட்டும் ஏறியதில்லை.

அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. “கல்யாணம் பண்ணிவைக்கிற ஐயரு தனக்கு எத்தனை தடவை பண்ணிக்கிட்டாரு?” என்று கேட்பார். நம்மிடம் பதில் இருக்காது.

பயணத்துக்கு முதல்நாள் இரவே மாமாவின் ஆட்சி தொடங்கிவிடும். கொக்கித் தராசு வீட்டில் உண்டு. ஆனாலும் பெட்டியை முதலில் ஒரு கையால் தூக்கி, ஒரு கண்ணை மூடி, “முப்பத்தொண்ணு” என்பார். தராசில் மாட்டினால் முள் ஏறக்குறைய அங்கேதான் நிற்கும். பிறகு நீக்கல் படலம். கொப்பரை கூடவே கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பற்றும் என்று விமானத்தில் தடை. இது மாமாவுக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை பொறியாளர். கைப்பைக்கு ஏழு கிலோ. அதில் ஊறுகாய் பாட்டில் இருந்தால், “சி.ஐ.எஸ்.எஃப். காரன் ருசிகூடப் பாக்காம தொட்டியில போட்டுருவான், பெரிய பெட்டிக்கு மாத்து” என்று உத்தரவு வரும். அதை மாற்றியதும் பெரிய பெட்டி மறுபடி கனத்துவிடும். “முருங்கைக்காயை எடு, கருவாடு இருக்கட்டும்.” கருவாட்டை மாமா ஒருபோதும் எடுக்கச் சொன்னதில்லை. கடைசியில் மார்க்கர் பேனா வெளியே வரும். பெயர், ஊர், போன் நம்பர், அடியில் பெரிதாகத் ‘திருச்சி’. பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்கும் பச்சை நைலான் கயிறு. “பெல்ட்டுல கறுப்புப் பெட்டி நாப்பது வரும் மாப்ளே. கயிறு கட்டுனாத்தான் நம்ம பெட்டி.”

கூட்டிவரப் போவது இன்னும் பெரிய வைபவம். ஒருவரை அழைத்துவர வேனில் பன்னிரண்டு பேர் போவார்கள். திரும்பும்போது அந்த ஒருவருக்குத்தான் உட்கார இடமிருக்காது. விமானம் அதிகாலை மூன்று மணிக்கு என்றால் மாமா பத்து மணிக்கே வண்டியை எடுக்கச் சொல்வார். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று யாராவது கேட்டால், “காத்து அடிச்சா முன்னாடியே வந்துருவான்” என்பார். காற்று அடித்து முன்னாடியே வந்த விமானத்தை யாரும் கண்டதில்லை. ஆனால் துணிந்து பத்தரைக்குக் கிளம்பியவரும் இல்லை.

2009இல் வந்த பழைய முனையத்தின் வாசலில் அவருக்கென்று ஒரு கம்பி இருந்தது. அதில் சாய்ந்து நின்றால் உள்ளே சுங்கத்தைத் தாண்டி வருபவரின் தள்ளுவண்டி முதலில் தெரியும், பிறகு முகம். 1,100 கோடிக்கு மேல் செலவழித்துப் புது முனையம் கட்டியதில் அந்தக் கம்பி போனது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் வந்து திறந்துவைத்தார். ஆனால் விமானங்கள் அங்கே மாறியது ஜூன் 11இல்தான். இடைப்பட்ட மாதங்களில் மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல. “தொறந்தாச்சுங்கிறான், உள்ள விடமாட்டேங்கிறான். இது என்ன ஊர் நூலகமா?” ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைத் தாங்கும், கோபுரமும் கோலமும் ஓவியமுமாக இழைத்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்துக் காட்டினால், “கம்பி இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

அங்கே புறப்பாட்டுக்கு மேம்பாலம் ஏறி மேல்தளம் போக வேண்டும், வருகை கீழ்த்தளம். முதல் வாரம் வேன்கள் மேலும் கீழும் அலைந்தன. மாமா ஒரே நாளில் சூத்திரம் கண்டுபிடித்துவிட்டார்: “ஏறுறவன் மேல, எறங்குறவன் கீழ. இதுக்கு எதுக்கு இங்கிலீஷுல போர்டு?” அதன்பின் யாரும் வழி தவறியதாகத் தகவல் இல்லை.

டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள் என்பது மாமாவுக்கு ஒரு பொருட்டில்லை. வெளியே நின்றபடியே உள்ளே நடப்பதை அவர் நடத்துவார். சக்கரம் தரையைத் தொட்ட சத்தம் கேட்டதுமே போன் போகும். “மாப்ளே, கதவைத் தொறந்துட்டானா? தொறக்கலைன்னா எதுக்கு எந்திரிச்ச, உக்காரு.” இமிகிரேஷனில் எந்த வரிசை வேகம், தள்ளுவண்டியில் எது சக்கரம் கோணலானது, எல்லாம் வெளியிலிருந்தே வரும். உள்ளூர் சிம் இல்லாத பிள்ளை என்றால்தான் சிக்கல். இலவச வைஃபைக்கு ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி.க்கு சிம் வேண்டும். அப்படிப்பட்டவர் கைகாட்டி வெளியே வரும்வரை மாமா பேச்சில்லாமல் இருப்பார். அந்த அரைமணி நேரம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

சுங்கத்தைப் பற்றிக் கிளம்பும்போதே உபதேசம் ஆகியிருக்கும். தங்கக் கடத்தலில் திருச்சியின் பெயர் நாளிதழில் அடிக்கடி அடிபடும். ஒரு வரி விடாமல் மாமா படிப்பார். “யார் என்ன குடுத்தாலும் வாங்கிட்டு வராதே. மாத்திரைன்னு குடுப்பான், மிக்சின்னு குடுப்பான். பச்சை வழியில நேராப் பாத்து நட. ஆபீசரைப் பாத்துச் சிரிச்சிராதே.” இதைக் கேட்ட பிள்ளைகள் குற்றம் எதுவும் இல்லாமலே குற்றவாளி போல நடந்துவந்து, இரண்டு மைலோ டப்பாவுக்கும் ஒரு கோடாலித் தைலத்துக்குமாகப் பெட்டியைத் திறந்து காட்டியதுண்டு. உபதேசத்தில் கோளாறு என்று மாமா ஒப்பமாட்டார். “நீ சிரிச்சிருப்பே.”

வேன் இல்லாமல் தனியாக வரும் வெளியூர்க்காரர்களுக்கும் அவர்தான் கதி. ஊருக்குள் போக ஐந்து கிலோமீட்டர்தான். டாக்சிக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டு மாமா வானத்தைப் பார்ப்பார். அதுவே பாதி பேரம். நேரமும் தெம்பும் இருப்பவருக்கு அவர் சொல்லும் வழி வேறு: பெட்டியை உருட்டிக்கொண்டு புதுக்கோட்டை ரோட்டுக்கு வந்து பஸ் ஏறு. “டோல்கேட்டுன்னு மொட்டையாச் சொல்லிறாதே. டி.வி.எஸ். டோல்கேட்டுன்னு சொல்லு. நம்பர் ஒன் டோல்கேட் கொள்ளிடத்துக்கு அந்தாண்ட. அங்க போய் இறங்குனா ரெங்கநாதரைக் கும்பிட்டுட்டுத்தான் திரும்பணும்.” இரண்டு இடத்திலும் இன்று சுங்கக் கதவு கிடையாது என்பதை அவர் சொல்வதில்லை. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு குழப்பத்தை ஒருவழியாக ஊருக்கே தெளியவைத்திருந்தார். 2025இல் பஞ்சப்பூரில் புதுப் பேருந்து முனையத்தைத் திறந்து வெளியூர் வண்டிகளை அங்கே மாற்றிவிட்டார்கள். அரசாங்கம் தன்னை ஓய்வெடுக்கவிடாது என்று அலுத்துக்கொண்டார். முகத்தில் அலுப்பு இல்லை.

அவருடைய பொற்காலம் 2024 அக்டோபர் 11 மாலை. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே வட்டமடித்தது. நாடே டிவி முன்னால் இருக்க, எங்கள் தெரு மாமா வீட்டு மொட்டைமாடியில் இருந்தது. “எண்ணெயைத் தீக்கிறான்யா. வெயிட்டைக் குறைச்சாத்தான் இறக்க முடியும். நாம முருங்கைக்காயை எடுக்கலையா?” விமானம் பத்திரமாக இறங்கியதும் அவரே இறக்கியது போல அண்டை வீட்டார் கைகொடுத்தார்கள். 2018இலும் இதே அக்டோபர் 11 இரவில், நள்ளிரவு தாண்டித்தான் துபாய் விமானம் ஒன்று திருச்சியில் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலேறி, மும்பையில் இறங்கியது. அதிலும் எல்லோரும் பிழைத்தார்கள். இரண்டையும் கோத்து, அந்தத் தேதியில் டிக்கெட் போடக் கூடாது என்று அவர் விதித்த விதியை எங்கள் பக்கம் இன்றும் மீறுபவர் குறைவு. விலை மலிவு என்று ஆசைகாட்டிப் பார்த்த மருமகப்பிள்ளைகூடப் பன்னிரண்டாம் தேதிதான் கிளம்பினார்.

போன வருஷம் அவர் ஏற்றிவிட்ட பிள்ளைகளெல்லாம் சேர்ந்து, மாமாவைச் சிங்கப்பூருக்கு அழைத்து ஒரு வாரம் சுற்றிக்காட்டுவது என்று முடிவுசெய்தார்கள். பாஸ்போர்ட் இருக்கிறது, பேங்கில் அடையாளத்துக்குக் காட்டி வந்ததில் அட்டை மட்டும் தேய்ந்திருந்தது. மாமா மூன்று நாள் யோசித்தார். முழங்கால் வலி என்றார். வயலில் நடவு என்றார். கடைசியில் ஒரு பிள்ளை நேரிலேயே வந்து கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டார்.

“என்னை ஏத்திவிட யாரு வருவா? உங்கப்பாவா? அவனுக்கு டிபார்ச்சர் மேல இருக்கா கீழ இருக்கான்னே தெரியாதேடா.”

அப்பா பக்கத்துத் திண்ணையில்தான் இருந்தார். மறுக்கவில்லை.