உள்பக்கமும் கண்ணாடிதானுங்க, அப்புனு

ஏனுங்க அப்புனு, புது வண்டி வாங்கியிருக்கீங்க, நெம்ப சந்தோசம். விடிஞ்சா பக்கெட்டும் கையுமா நின்னு, பானட்டுல தல சீவிக்கற அளவுக்குத் தேய்க்கறீங்க. தெருவுல போறவன் நின்னு பாத்துட்டுத்தான் போறான். நானும் பாத்தேன். ஆனா நான் உள்ள ஏறி உக்காந்து பாத்தேன் பாருங்க, அங்கதான் வந்தது வெனை.

பல்லடத்துல இருந்து காங்கயம் போற ரோடு கெழக்க பாத்துப் போகுது. வெள்ளென கெளம்புனா சூரியன் நேரா மூஞ்சில அடிக்கும். அன்னிக்கு உங்க வண்டில வந்தப்ப, வெய்யில் பட்டதும் கண்ணாடி பூராப் பால் ஊத்துனாப்பல வெளுத்துப் போச்சு. நீங்க குத்துமதிப்பா ஓட்டறீங்க, நான் குலசாமியக் கூப்புட்டுட்டு வர்றேன். பொழுதோட திரும்பி மேக்க வந்தாலும் அதே கூத்து. ராத்திரில எதுக்கால கோழி லாரி வந்தா, அவனோட ரெண்டு லைட்டும் கண்ணாடி பூராச் செதறுது. கேட்டா, கண்ணு டாக்டரப் பாக்கோணும்ங்கறீங்க. பாருங்க, தாராளமாப் பாருங்க. ஆனா அவரு உங்க கண்ணத்தான் பாப்பாரு, வண்டிக் கண்ணாடிய ஆரு பாக்கறது?

அழுக்கு வெளிய இல்லீங்க. உள்ளாற. அதுவும் நீங்களே ஆசையா வளத்தது. வெய்யில்ல நிறுத்துன வண்டில டேஷ்போர்டு கை வெக்க முடியாமக் காயுதில்ல? அந்தப் பிளாஸ்டிக் வெடிக்காம நெகுநெகுன்னு இருக்கோணும்னு பிளாஸ்டிசைசர்னு எண்ணெயாட்ட ஒரு ரசாயனத்தச் சேக்கறாங்க. சூடு ஏற ஏற அது கொஞ்சங் கொஞ்சமா ஆவியாகி மேல வரும். கண்ணாடி குளுந்ததும் அதும்மேல போயிப் படிஞ்சுக்கும். புதுவண்டி வாசம்னு மூக்க உறிஞ்சி உறிஞ்சி மயங்கறீங்களே, அதுவும் இப்படி உள்ளாற இருந்து ஆவியாகி வர்ற சரக்குத்தான். அதுனாலதான் ஓட்டாமயே நிக்கற வண்டிக்கும் உள்கண்ணாடி மங்குது.

அது பத்தாதுன்னு டேஷ்போர்டுக்கு சிலிக்கான் பாலிஷ் வேற போடறீங்க. அடிக்கறப்பவே பாதி கண்ணாடில தெறிக்குது. மிச்சம் மினுமினுன்னு மின்னி, அதோட நெழல் கண்ணாடில உழுந்து இருக்கற கொஞ்ச வழியவும் மறைக்குது. வெள்ளிக்கெழமைன்னா சாம்பிராணி, ஊதுவத்தி, கற்பூரம். உங்க சேக்காளி முன்சீட்டுல கால நீட்டி உக்காந்து சிகரெட்டு ஊதறாப்டி. மழை பேஞ்சு உள்ள ஆவி புடிச்சா, பஜ்ஜி தின்ன கையாலயே ஒரு இழுப்பு. இந்த எண்ணெப் பிசுக்குல தூசியும் ஒட்டிக்கும், அடுத்த மழைக்கு ஆவியும் முன்னவிட வெசையாப் புடிக்கும்.

2012-ல கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னப்ப, உங்கப்பன் அழுதுட்டே உரிச்சான். முன்கண்ணாடில 70 சதம் வெளிச்சம் உள்ள வரோணும்னு விதி. மகன் நீங்க பைசா செலவில்லாம வெள்ள ஃபிலிம் ஒட்டிட்டுத் திரியறீங்க. கெட்டிக்காரருதான்.

சரி, கோவிச்சுக்காதீங்க, வழியச் சொல்றேன். வண்டிய நெழல்ல நிறுத்தி, கண்ணாடி குளுந்த பொறவு ஆரம்பிங்க. வெய்யில்ல காஞ்ச கண்ணாடில தண்ணி தொடைக்கறதுக்குள்ள ஆவியாகிக் கோடு கோடா நிக்கும். மொதல்ல டேஷ்போர்டு பாலிஷ ஈரத்துணில எடுத்து உட்டுருங்க. அத அப்படியே வெச்சுட்டுக் கண்ணாடியத் தொடச்சா மறுக்கா அங்கிருந்துதான் வரும்.

திருப்பூர்ல பனியன் வேஸ்ட்டு சல்லிசாக் கெடைக்குதுன்னு அதத் தூக்கிட்டு வராதீங்க. என்ஜின் தொடைக்க அது தங்கம், கண்ணாடிக்குப் போனா நூல் நூலா ஒட்டிக்கும். மைக்ரோஃபைபர் துணி ரெண்டு மூணு வாங்குங்க. அதத் தொவைக்கறப்ப உங்கூட்டு அம்மிணி மணக்கறதுக்கு ஊத்தற திரவத்த ஊத்தாமப் பாத்துக்கங்க. அந்த வழவழப்பு துணில தங்கி, கண்ணாடிக்கே வந்து சேரும்.

மருந்துக்கடைல ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேளுங்க, 70 சதம்னு போட்டிருக்கும். அதுல பாதிக்குப் பாதி பேட்டரித் தண்ணி கலந்துக்கங்க. நம்மூரு போர் தண்ணி உப்பு, காஞ்சா திட்டுத் திட்டா வெளுக்கும். பேட்டரித் தண்ணினுதான் சொன்னேன், ஆசிட்ட வாங்கிட்டு வந்து நிக்காதீங்க. கதவு நாலயும் தொறந்து வெச்சுக்கங்க, பத்திக்கற சரக்கு, சேக்காளியவும் அவரு சிகரெட்டவும் அக்கட்டால அனுப்புங்க. கண்ணாடி மேல பீச்சாதீங்க, துணில நனைங்க. பீச்சுனா வழிஞ்சு சுச்சுக்குள்ள எறங்கும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது, பிளாஸ்டிக்குக்குக் கேடு.

ஸ்டியரிங் பக்கம் உக்காந்து மொழங்கைய இடிச்சுக்காம, பக்கத்து சீட்டுக்கு மாறிக்கங்க. கண்ணாடி சரிஞ்சு டேஷ்போர்டத் தொடற அந்த இடுக்குலதான் பிசுக்கு எச்சு. கைய மல்லாத்திப் புறங்கைல துணியக் கட்டித் தள்ளுனா அங்கயும் போகும். ஃபாஸ்டேக்க மட்டும் சொரண்டாதீங்க, உரிஞ்சா வேற வாங்கோணும்.

இனிமேத்தான் உங்க பொறுமைக்கு வேல. மொத வாட்டி தொடச்சதும் முன்னைக்கு மோசமாக் கோடு தெரியும். உடனே அப்பாரு ஏமாத்திட்டாருன்னு துணிய வீசிருவீங்க. வீசாதீங்க. எண்ணெய் எளகி எடம் மாறியிருக்குது, இன்னும் போகல. துணியத் திருப்பி, சுத்தமான மடிப்புல மறுக்கா தொடைங்க. பிசுக்கு ஏறுன மடிப்பயே தேச்சா, எடுத்ததத் திரும்ப அங்கயே பூசறீங்க. கடைசியா காஞ்ச துணி. உள்பக்கம் மேலும் கீழுமாத் தொடைங்க, வெளிப்பக்கம் இக்கட்டும் அக்கட்டுமாத் தொடைங்க. மிச்சமிருக்கற கோடு நின்னா உள்ள, படுத்தா வெளிய. ராத்திரி ஆரையாச்சும் வெளிய நின்னு டார்ச்சு அடிக்கச் சொல்லி உள்ள உக்காந்து பாருங்க, உட்டுப்போன எடம் அத்தனையும் தெரியும்.

லாரிக்காரங்க மழைக்குப் புகையிலை தேய்ப்பாங்கன்னு ஆராச்சும் சொல்லுவாங்க. அது வெளிப்பக்கத்துக்கு. உள்ள தேச்சுட்டு எங்கிட்ட வராதீங்க.

ஞாயித்துக்கெழம காங்கயத்துல ஒறம்பற ஊட்டுல வளைகாப்பு, வெள்ளென போகோணும். முன்சீட்டுல நாந்தான். அதனால சனிக்கெழமையே தொடச்சு வெச்சிருங்க. இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க, நான் பஸ்சுக்குப் போயிக்கறேன்.