மாப்ளே, உன் காரு யோசிக்குதாமே?

வா மாப்ளே, வா. பெங்களூருல பழைய ஆட்டோமேட்டிக் காரை மலிவா அமுக்கிட்டேன்னு தளி பூரா பேச்சு. கிளட்சு மிதிக்க வேணாம், எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்னு டீக்கடையில நின்னு அளந்தியாமே. இப்ப டி போட்டா ஒரு குதி குதிச்சுத்தான் கிளம்புதாம், ஆர் போட்டா கொஞ்ச நேரம் யோசிக்குதாம். யோசிக்கட்டும். வாங்கறப்ப நீ யோசிக்கல, வீட்டுல யாராவது ஒருத்தர் யோசிக்க வேணாமா?

ஆனா ராகி முத்தற காலத்துல ஜவளகிரிப் பக்கம் யானை இறங்கும். ரோட்டுல கொம்பன் நின்னா, ஆர் விழற வரைக்கும் கொஞ்சம் பொறுன்னு எந்த பாஷையில சொல்லுவ? தமிழு, கன்னடம், தெலுங்கு மூணும் அதுக்குக் காதுல விழுந்து பழக்கந்தான். கேக்கத்தான் கேக்காது.

கியர்பாக்ஸை இறக்கணும்னு ஓசூர்ல ஒருத்தன் சொன்னானா? சொல்லுவான். உன் சட்டையைப் பார்த்திருப்பான். அதுக்கு முந்தி காசில்லாத வேலை ஒண்ணு இருக்கு, ஆயிலைப் பாரு. இதுல ஆயிலு வெறும் வழவழப்புக்கு இல்ல. டார்க் கன்வெர்ட்டருக்குள்ள இன்ஜின் சுத்தை வாங்கிக் கியருக்குக் கொடுக்கறது அதுதான், உள்ள இருக்கற கிளட்சைப் பிடிக்கறதும் அதோட அழுத்தந்தான். அது குறைஞ்சாலோ கெட்டாலோ ஆர் விழ நேரமாகும்.

வண்டியைச் சூடாக்கி, சமதரையில நிறுத்தி (உன் வாசல்ல இல்ல, அது சரிவு), கூட வந்த புத்தகத்துல போட்டபடி குச்சியை உருவி வெள்ளைத் துணியில துடை. என் வேட்டியில இல்ல. சிவப்பா இருந்தா சாமியைக் கும்பிட்டுக்க. பழுப்பா, கருகின வாடையோட இருந்தா மாத்த வேண்டிய நாள் எப்பவோ போயிடுச்சு. ரோஸ் மில்க் மாதிரி இருந்தா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு. பழைய வண்டி பலதுல இந்த ஆயிலைக் குளிர வைக்கற குழாய் ரேடியேட்டருக்குள்ளயே இருக்கு, அதான் வினை. அப்புறம் ஒரு அடி நகர்த்தாத. அளவு குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுது, இது எரிஞ்சு தீர்ற ஆயில் இல்ல. குச்சியே இல்லாத வண்டியும் உண்டு, அது மெக்கானிக் பாடு.

ஆயுசுக்கும் மாத்த வேணாம்னு வித்தவன் சொன்னானா? வண்டி அவன்கிட்ட இருந்த ஆயுசைச் சொல்லியிருப்பான். சில்க் போர்டு சிக்னல்ல வருஷக்கணக்கா நின்னு நகர்ந்து வெந்த ஆயிலு அது. கடையில சிவப்பா இருக்கறதெல்லாம் ஒண்ணுதான்னு கொடுப்பாங்க, வாங்காத. புத்தகத்துல எந்த ரகம் போட்டிருக்கோ அதேதான்.

உன் மச்சான் பேச்சையும் கேக்காத. 2014-ல வந்த செலேரியோவை வெச்சுக்கிட்டு, நான் ஆயிலே பார்த்ததில்லங்கறான். அது ஏஎம்டி. உள்ள இருக்கறது சாதாரணக் கியர்பாக்ஸு, கிளட்சை மிதிச்சுக் கியர் மாத்த மட்டும் ஒரு மிஷினு. அவன் வைத்தியம் உன் நோயாளிக்கு ஆகாது.

போன வாரம் லீவர் பி-யை விட்டு வரலைன்னு ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டினியாமே? பின்னாடி பிரேக் லைட்டு எரியுதான்னு பார்த்தியா? பிரேக் மிதிச்சது வண்டிக்குத் தெரிஞ்சாத்தான் லீவர் நகரும். பெடல்கிட்ட ஒரு சின்ன சுவிட்சு, அது செத்தா லைட்டும் எரியாது, லீவரும் அசையாது. பேட்டரி சோர்ந்து போனாக்கூட சில வண்டி கியர்ல கோணங்கித்தனம் பண்ணும்.

டிராக்டர்ல கயிறு கட்டி இழுக்கலாம்னு மட்டும் நினைக்காத. இன்ஜின் ஓடினாத்தான் ஆயில் பம்பு ஓடும். முன்சக்கரம் தரையில உருண்டா உள்ள காய்ஞ்சு தேயும், அதைத் தூக்கி வெச்சுத்தான் கொண்டு போகணும். மேலுமலை இறக்கத்துல பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விடறதையும் நிறுத்து. மிச்சம் பிடிச்சது உன் துஷ்டிக்குப் பந்தல் போடக்கூடப் பத்தாது.

அது கிடக்கட்டும், கேஏ நம்பரோட இன்னும் எத்தனை நாள் சுத்துவ? 12 மாசம் தாண்டினா இங்கத்திய நம்பர் வாங்கணும், என்ஓசி, வரின்னு தனி அலைச்சல். நாளைக்குத் தேன்கனிக்கோட்டைக்கு என்னையும் ஏத்திக்கறேங்கறியா? பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வெச்சுட்டேன் மாப்ளே.